என் முதுகுக்குள் ஒரு சந்தை

ஊரே பார்த்த கதை இது. நான் ஒருத்திதான் பார்க்கவில்லை, ஏனென்றால் அது என் முதுகில் நடந்தது.

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், என் அக்காள் வெள்ளத்தாயின் மகள் சுபாஷினி எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வெற்றிலைத் தட்டு அகலத்துக்கு என் தோல் கழுவி வைத்த கண்ணாடியாகிவிட்டது. அவள் ஒன்றும் அலறவில்லை. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்து, "சித்தி, ஒன் முதுகுக்குள்ள மார்க்கெட் நடக்குது" என்றாள். அக்காள் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "ஆமாடி நாகு, லோடு ஏத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, பால் பொங்கிவிடும் என்று திரும்பி ஓடினாள். என் பெயர் நாகரத்தினம். கட்டியவன் கேரளாவுக்கு லாரி ஓட்டிப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு நான் அக்காள் வீட்டோடு வந்துவிட்டேன். அக்காள் புருஷனும் போய்ச் சேர்ந்ததால், சுபாஷினிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அம்மாவாக இருந்தோம்.

எங்களுடையது காய்கறி மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கிற ஊர். மலையிலிருந்து இறங்குகிற கேரட்டும் காட்டிலிருந்து வருகிற முருங்கையும் மிளகாயும் எங்கள் கொட்டகையில் மூட்டையாகி, பொழுது சாய்வதற்குள் மலையாளத்துக்கு லாரியேறிவிடும். அந்த மூட்டைகளுக்குக் குறி போடுகிறவள் நான். சாயத்தில் வட்டம் போட்டால் திருச்சூர் லாரி, வேல் போட்டால் பாலக்காடு, பிறை போட்டால் கோழிக்கோடு. அழுகின மூட்டைக்கு மட்டும் தாரில் ஒரு பெருக்கல் குறி, அது குப்பைக்குழிக்கு. எழுத்துத் தெரியாத ஆளும் குறியைப் பார்த்து மூட்டையை ஊர் சேர்த்துவிடுவான். அதனால்தான் என் முதுகுக்குள் நடந்ததை எங்கள் லோடுமேன்கள் யாரும் சொல்லித்தராமலே புரிந்துகொண்டார்கள்.

அவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் நான் சொல்கிறேன். உள்ளே ஒரு வீடு மாதிரி, நடுவில் ஒரு பெரிய உருண்டை, அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நீண்டுபோகிற ஒரு தாழ்வாரம், அந்தத் தாழ்வாரத்தில் நூலாக வந்து விழுகிறதை மடித்து மடித்துத் தட்டு செய்கிறார்கள், மடிப்புக் கோணிப்போன தட்டைப் பிரித்து அப்படியே அரவைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு அரவை மில், அந்த வீட்டுக்குள் என்னென்ன சமைகிறதோ அத்தனையிலும் கொஞ்சம் எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறது. நறுக்கின துண்டு ஒரு குறுகல் வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்குள் நுழைந்து தட்டில் உட்காருகிறது, அது பொருந்தி உட்காரும்வரை ஒருவன் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான், வெறுந்தட்டை அவன் லேசில் வெளியே விடுவதில்லை. துண்டு ஏறிய தட்டு, தோசை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிற இடத்துக்குப் போய், அங்கே சர்க்கரையில் குறி வாங்கிக்கொண்டு, ஒரு குமிழிக்குள் ஏற, அந்தக் குமிழியை இரண்டு கால் மட்டும் உள்ள ஒரு சுமைக்காரன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கயிற்றின் மேலேயே எட்டுவைத்து எட்டுவைத்து வாசலுக்கு நடக்கிறான். வாசலில் அந்தத் தட்டு தெருவைப் பார்த்து நிற்கிறது. தெருவில் ரோந்து வருகிற ஆட்கள் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்து, உள்ளே சமைகிறது நம் வீட்டுச் சரக்குத்தான் என்று தெரிந்துகொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறார்கள்.

"இது ஒரே ஒரு செல்லு நாகரத்தினம்" என்றார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற தமிழரசி டீச்சர், பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து என் முதுகைக் காட்டும்போது. "கண்ணுக்கே தெரியாதது, ஒன் முதுகுல பெருசாத் தெரியுது. தட்டுங்கிறாங்களே, அது நோயைக் காட்டிக்கொடுக்கிற புரதம். உள்ள கெட்டது எதாவது சமைஞ்சா அதோட துண்டு தட்டுல ஏறி வாசலுக்கு வந்துரும். ரோந்துக்காரங்க பாத்ததும் அந்த வீட்டையே இடிச்சுருவாங்க."

"என் முதுகுலயா டீச்சர் இடிப்பாங்க?"

"இடிக்கணும்மா. இடிச்சாத்தான் நீ நல்லாருப்ப" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்காக இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

நான் மட்டும் பார்க்க வழியில்லை. முன்னால் ஒரு கண்ணாடி பின்னால் ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெறும் முதுகுதான் தெரிந்தது. போனில் படம் பிடித்தாலும் அதே வெறும் முதுகு. நேரில், நேர்க் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது திறந்தது. ஆகையால் ஊர் பார்த்தது, நான் கேட்டேன்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தையல்காரர் என் ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்து அதற்கு மூடியும் பொத்தானும் தைத்துக் கொடுத்தார், வைகாசி முடிவதற்குள் உள்ளே பார்க்க ஒன்றுமில்லாத பெண்களெல்லாம் அதே மாதிரி ஜன்னல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் என்னை முதுகு காட்டி உட்கார வைத்து வடை கொடுத்தார், ஏனென்றால் நான் உட்கார்ந்தால் பெஞ்சு நிறைந்துவிடும். சங்கத்தில் மூட்டை சரியாகக் கட்டவில்லை என்று தகராறு வந்தபோது, தலைவர் என்னை நடுவில் நிறுத்தி மூடியைத் திறந்து, "பாருங்கய்யா, இவ ஒடம்புக்குள்ளகூட அரைகுறைச் சரக்கை வெளிய விடமாட்டேங்கிறாங்க, நமக்கு என்னய்யா கேடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூசாரி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று அதைச் சுற்றித் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நான் அக்காளுக்கு முன்னால் முதுகு காட்டி உட்காருவேன், அவள் பூண்டு உரித்துக்கொண்டே அன்றைக்கு உள்ளே நடந்ததைச் சொல்வாள். டி.வி. தொடரை நாங்கள் மறந்தே போனோம். சுமைக்காரர்களில் ஒருவன் மற்றவர்களைவிட மெதுவாக நடக்கிறவன், கயிறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று நின்று யோசிக்கிறவன், அவனுக்கு நான் சோம்பன் என்று பெயர் வைத்திருந்தேன். வேறு யார் எப்படிப் போனாலும் எனக்கு அவன் வந்து சேர வேண்டும்.

"சோம்பன் வந்துட்டானாக்கா?"

"வந்துட்டான்டி. இப்பத்தான் தட்டைக் கொண்டாந்து வாசல்ல வச்சான்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். என்னைக் கட்டியவன் திரும்பி வரவில்லை. இவன் தினமும் வந்துகொண்டிருந்தான்.

சுபாஷினிக்கு வரன் வந்ததும் இந்த முதுகால்தான். தேனிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சித்தி எங்க?" என்று கேட்டார்கள். நான் திரும்பி உட்கார, சுபாஷினி கையாலேயே மூடியைத் திறந்தாள், அக்காள் கோயில் சிற்பத்தை விளக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக விரல் வைத்து விளக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "ரத்தம் சுத்தமான குடும்பம்னு கேள்விப்பட்டோம், கண்ணாலயே பாத்துட்டோம், இதுக்கு மேல ஜாதகம் எதுக்கு" என்றாள். ஆனியில் பரிசம் போட்டார்கள். அடுத்து ஆடி, ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள், ஆகவே ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். நான் சந்தோஷத்தில் மூட்டைக்கெல்லாம் குறியைப் பூ மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்த வாரத்தில் உள்ளே குறி மாறியது. இதைப் பிறகு எனக்கு ஒரே மூச்சில் பத்துப் பேர் சொன்னார்கள். மில் நறுக்கிய துண்டுகளில் ஒன்று கறுத்து, நம் வீட்டுச் சரக்கு இல்லாத மாதிரி இருந்தது. அது முறைப்படி தட்டில் ஏறியது, முறைப்படி சர்க்கரைக் குறி வாங்கியது, ஆனால் பாதி வழியில் யாரோ அதற்கு வேறொரு குறியை ஒட்டிவிட்டார்கள், அதைப் பார்த்த சுமைக்காரன் கயிற்றில் திரும்பி, வாசலுக்குப் போக வேண்டிய தட்டை உள்ளேயே இருக்கிற அமிலக் குழியில் கொண்டுபோய்த் தள்ளினான். அடுத்த தட்டும் குழிக்குப் போனது, அதற்கடுத்ததும். வாசல் காலியாகிவிட்டது. ரோந்துக்காரர்கள் வந்து நின்று, பார்க்க ஒன்றும் இல்லாததால், குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டிலும் அப்படி, அதற்குப் பக்கத்து வீட்டிலும் அப்படி, ஜன்னலின் ஓரத்தில் மிளகளவு கறுப்பாக ஒன்று தடித்துக்கொண்டு வந்தது.

எங்கள் மார்க்கெட்டில் குப்பைக்குழிக்கு நல்ல மூட்டை போனால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் கிடையாது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் என் அக்காளைத் தேடிப் போனார்கள். என்னைத் தேடி ஒருத்தரும் வரவில்லை.

ஆடி வெள்ளிக்கு மார்க்கெட் காளியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அன்றைக்கு நான் கோயிலுக்கு வெளியே பெரிய அண்டாவில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன், கை விட்டால் அடிப்பிடித்துவிடும். உள்ளே அம்மனுக்கு முன்னால் அக்காளும் சங்கத் தலைவரும் டீச்சரும் லோடுமேன்களும் கூடி நின்றிருந்தார்கள், சுபாஷினியும் அவர்களோடு நின்றிருந்தாள். முகூர்த்தம் முடிகிறவரை நாகு காதில் போடக்கூடாது, தெரிந்தால் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள், ஆஸ்பத்திரிக்கு ஓடினால் தேனிக்குத் தெரியும், தேனிக்குத் தெரிந்தால் பெண்ணின் வாழ்க்கை போயிற்று, ஒரு மாதம்தானே, ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று அக்காள் சொன்னாளாம். எல்லோரும் சூடம் ஏற்றி, ஒவ்வொருவராக அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். வெளியே கூழ் கிண்டிக்கொண்டிருந்த நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, கரண்டியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே அக்காள் ஜாக்கெட் மூடியை ஊசி நூலால் தைத்துவிட்டாள். "கல்யாண நேரம், கண்ணு படும்டி" என்றாள். நம்பினேன். டீக்கடைப் பெஞ்சு காலியானது, அவரவருக்குக் கல்யாண வேலை என்றார்கள், அதையும் நம்பினேன். முதுகு அரித்தது, அலைச்சல் என்றார்கள். குளிக்கும்போது மட்டும் அவள் பார்ப்பாள், வந்து வழக்கம்போல் கதை சொல்வாள், நான் வழக்கம்போல் கேட்பேன்.

"சோம்பன் வந்தானாக்கா?"

"வந்தான்டி. தட்டை வச்சுட்டுப் போனான்."

ஆடி முழுக்க அவன் ஒரு தட்டைக்கூட வாசலில் வைக்கவில்லை. குழிக்குத்தான் நடந்துகொண்டிருந்தான். அக்காள் பூண்டு உரித்துக்கொண்டே, குரல் ஒரு இடத்திலும் பிசகாமல், அவனைத் தினமும் என் வாசலுக்கு நடத்திக் காட்டினாள். உடம்புக்குள்ளே ஒருத்தன் குறியை மாற்றினான், வெளியே இவள் மாற்றினாள். உள்ளே இருக்கிறவனுக்காவது என் பெயர் தெரியாது.

சடையாண்டி என்று ஒரு லோடுமேன் இருந்தான், அதிகம் பேசாத ஆள். அவனும் சூடம் அடித்தவன்தான், அம்மனுக்குப் பயந்தவன், வாயைத் திறக்க முடியாது. ஆனால் கை இருந்தது. ஒருநாள் காலை நான் வேலைக்குப் போனபோது, நான் உட்கார்ந்து குறி போடுகிற முக்காலியின் மேல் தாரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அழுகல் குறி, என் இடத்தில். பக்கத்தில் சடையாண்டி தார்ச் சட்டியோடு நின்றிருந்தான்.

"ஏன்டா, மூட்டை எது முக்காலி எதுன்னு கண்ணு தெரியலையா? கல்யாண வீட்டுக்காரி உக்கார்ற எடத்துல அழுகல் குறியா போடுவ?"

அவன் முக்காலியைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான், கண் கலங்கி நின்றான். குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் அழுத்தித் துடைத்து அந்தக் குறியை எடுத்துவிட்டு வேல் வரைய உட்கார்ந்தேன். மறுநாளும் குறி இருந்தது. நான் போய்ச் சங்கத்தில் சொன்னேன், தலைவர் அதற்கே காத்திருந்த மாதிரி அவனை வேறொரு ஊர் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார். என் வாசலுக்கு வந்து சேர்ந்த ஒரே ஒரு தட்டு அது. குறி படிக்கிறதுதான் எனக்குத் தொழில், அதை நானே துடைத்தேன்.

ஆவணி முகூர்த்தம் கோலாகலமாக நடந்தது. சுபாஷினி பட்டுப்புடவையில் தேர் மாதிரி இருந்தாள், நான் அழுதுகொண்டே சிரித்தேன். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது, மூன்றாம் முடிச்சு விழுந்த அந்த நிமிஷம் என் அக்காள் கையில் மிச்சமிருந்த அரிசியோடு என்னைக் கட்டிப்பிடித்து, "நாகு, ஒனக்கு ஒடம்பு சரியில்லடி" என்றாள்.

அதோடு மண்டபமே வாயைத் திறந்தது. ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் என்னைச் சுற்றி நின்று ஆளாளுக்குச் சொன்னார்கள், டீச்சர் ஒரு பக்கம், தையல்காரர் ஒரு பக்கம், சமையல்காரர்கூட ஜல்லிக்கரண்டியோடு வந்து நின்று தான் பார்த்ததைச் சொன்னார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. மண்டபத்துக்குப் பின்னால் மதுரைக்குக் காரைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். வழியில் பசிக்கும் என்று பந்திச் சாப்பாட்டை இலையில் கட்டி மடியில் வைத்தார்கள். நான் மேடையைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற சுபாஷினி என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தாலியைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். சூடத்தில் அவளும் அடித்திருக்கிறாள் என்பது எனக்கு அந்தக் குனிதலில்தான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்து என் முதுகை முதலில் பார்த்த பிள்ளை அவள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா தையலைப் பிரித்து ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். அவரும் ஆச்சரியப்படவில்லை. "தோல்ல வர்ற புற்றும்மா இது. தட்டை வெளிய விடாமப் பண்ணி ஒளிஞ்சுக்கிட்டே வளந்துருக்கு" என்றார். "ஒரு மாசம் முன்னாலயே வந்திருந்தா தோலோட எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன். வேகமாப் பரவுற சாதி. இப்ப நுரையீரலுக்குப் போயிருச்சு. யாரும் பாக்கலையா?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா" என்றேன்.

வெட்டி எடுத்தார்கள். ஜன்னல் அதோடு போய்விட்டது, இப்போது அங்கே தழும்புதான். ரோந்துக்காரர்களை உசுப்பிவிடுகிற மருந்து என்று ஒன்றை நரம்பில் ஏற்றுகிறார்கள், கேட்கிறதா இல்லையா என்று போகப் போகத்தான் தெரியுமாம். நான் மார்க்கெட் கிடங்குக்குப் பின்னால் ஒரு ரூமில் தனியாக இருக்கிறேன். முடிகிற நாளில் போய்க் குறி போடுகிறேன். பெஞ்சில் உட்கார்ந்தாலும் சுவர் ஓரமாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

மறுபடியும் பங்குனி வந்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அக்காள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியிருந்தாள், எனக்குப் பிடித்த மாதிரி.

"சுபாவுக்கு வளைகாப்பு வச்சிருக்கு. நீ வந்து மொத வளையல் போடணும்ங்கிறா. நீ வரலேன்னா ஊரு என்னடி சொல்லும்?"

"ஊரு ஒண்ணும் சொல்லாதுக்கா. சொல்லாம இருக்கத்தான் ஊருக்கு நல்லாத் தெரியுமே."

அவள் அழுதாள். நடிப்பில்லை, என் அக்காளுக்கு என் மேல் பாசம் உண்டு, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் என்னடி பண்ணுவேன். ஒங்கிட்ட சொல்லியிருந்தா கல்யாணம் நின்னுருக்கும். அவ வாழ்க்கையப் பாப்பனா, ஒன்னப் பாப்பனா?"

"நின்னுருக்காதுக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா, கல்யாணத்துக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, சத்தமில்லாமப் போயி வெட்டிட்டு வந்துருப்பேன். கட்டு மேலயே பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, அந்தத் தேனிக்காரிக்கு நானே சிரிச்சுக்கிட்டுப் பன்னீர் தெளிச்சிருப்பேன். அவ எனக்கும் மகதானேக்கா. சூடத்துல மொதல்ல என் கையைத்தான் அடிச்சிருப்பேன். கூழு கிண்டிக்கிட்டு வாசல்லதானே நின்னேன், என்னையும் உள்ள கூப்புடணும்னு ஒங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையே."

அக்காள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். திரும்பி உட்காரச் சொல்லி எப்போதும் என் தோளைத் தொடுகிற கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது. நான் சுவரில் முதுகைச் சாய்த்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.